டேஸ்டியா, டெலிஷியஸா?

'சுவையான' என்பதற்கு இங்கிலீஷ்ல என்ன வார்த்தைன்னு தேடினா, ஒரு பெரிய லிஸ்ட்டே வரும். டேஸ்டி, டெலிஷியஸ், யம்மி, சேவரி, பாலட்டபிள். எல்லாம் ஒண்ணுதானேன்னு கையில கிடைச்சதை எடுத்துப் போட்டா, சமைச்சவங்க மனசு நொந்துபோக வாய்ப்பு இருக்கு.

முதல்ல டேஸ்டி. 'டேஸ்ட்' 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பழைய பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு வந்த சொல். அப்போ அதுக்கு 'தொட்டுப் பார்ப்பது' என்றும் பொருள். கையால தொட்டுப் பார்த்தது, போகப்போக நாக்கால தொட்டுப் பார்ப்பதா மாறிடுச்சு. இன்னைக்கு டேஸ்டின்னா சுவை நல்லா தூக்கலா இருக்குன்னு அர்த்தம். இனிப்பைவிட உப்பு, காரம் உள்ள சாப்பாட்டுக்குத்தான் இதை அதிகம் சொல்றாங்க.

டெலிஷியஸ் வேற ரகம். அதோட லத்தீன் வேர்ச்சொல்லுக்கு 'ஆசை காட்டி இழுப்பது' என்று பொருள். 'டிலைட்' கூட அதே குடும்பம்தான். டேஸ்டி சாப்பாட்டைப் பத்திப் பேசுது. டெலிஷியஸ், அந்தச் சாப்பாடு உங்களை என்ன பண்ணுச்சுன்னு பேசுது. 'ரொம்ப' என்பது அதுக்குள்ளயே இருக்கு. அதனால 'வெரி டேஸ்டி' சரி. 'வெரி டெலிஷியஸ்' கொஞ்சம் இடிக்கும். 'அப்சொல்யூட்லி டெலிஷியஸ்'னு சொன்னா இயல்பா இருக்கும்.

யம்மி, வாயில வர்ற சத்தத்திலிருந்து பிறந்தது. குழந்தைங்க கிட்டயும் ஃப்ரெண்ட்ஸ் கிட்டயும் ஓகே. கம்பெனி டின்னர்ல மேனேஜர் முன்னாடி சொன்னா கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமா கேட்கும்.

இப்போ உஷாரா இருக்க வேண்டிய வார்த்தை, பாலட்டபிள். 'பாலட்' என்றால் மேலண்ணம். சுவை அங்கேதான் தெரியுதுன்னு ஒரு காலத்துல நம்பினாங்க. கேட்க கம்பீரமா இருந்தாலும், இன்னைக்கு அதுக்கு 'பரவாயில்லை, சாப்பிடலாம்' என்ற அளவுதான் மதிப்பு. ரெண்டு மணி நேரம் அடுப்படியில நின்னு சமைச்சவர்கிட்ட அதைச் சொல்லிப் பாருங்க, முகம் சுருங்கிடும்.

கடைசியா சேவரி. இதையும் 'சுவையான'னு மட்டும் புரிஞ்சுக்கிட்டு கேசரிக்குச் சொல்லிடாதீங்க. ஸ்வீட், காரம், காபின்னு சொல்றோமே, அந்த 'காரம்'தான் கிட்டத்தட்ட சேவரி. இதோட லத்தீன் மூலம் 'சபேரே'. அதுக்கு ரெண்டு அர்த்தம்: சுவைப்பது, அறிவோடு இருப்பது. மனுஷனுக்கு விஞ்ஞானிகள் வெச்ச பேர் ஹோமோ சேப்பியன்ஸ். அந்த 'சேப்பியன்ஸ்' இதே வேர்தான். சப்புன்னு இருக்குன்னு சொல்ல 'இன்சிப்பிட்'னு ஒரு வார்த்தை இருக்கே, அதுவும் இங்கிருந்து வந்ததுதான்.

சுவைப்பதும் அறிவதும் ஒரே சொல்லா இருந்திருக்கு பாருங்க. சமைச்சவங்க எதிர்பார்க்கிறதும் அதைத்தான். பெரிய வார்த்தை வேண்டாம், கவனிச்சுச் சாப்பிட்டோம்னு தெரிஞ்சா போதும். 'டெலிஷியஸ்'னு நிறுத்தாம, 'அந்தப் பூண்டு வாசனை சூப்பர்'னு கூடவே ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்க.

இன்னைக்கு மதியம் நீங்க சாப்பிட்டதுக்கு இதுல எந்த வார்த்தை பொருந்தும்? வாய்ஸ் நோட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!