பாஸ் அவுட் ஆனவர்கள்



"2023 பாஸ் அவுட் மட்டும் விண்ணப்பிக்கவும்." வேலைவாய்ப்பு விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படுகிற வரி இது. படிப்பு முடிந்த வருஷத்தைச் சொல்ல நம் ஊரில் இதைவிடச் சுருக்கமான பேச்சு இல்லை. இதையே ஓர் அமெரிக்கரிடம், "ஐ பாஸ்ட் அவுட் ஃப்ரம் காலேஜ்" என்று சொன்னால், பாவம், கல்லூரியில் மயங்கி விழுந்துவிட்டீர்களோ என்று பதறிப்போவார். பேச்சு வழக்கு ஆங்கிலத்தில் பாஸ் அவுட் என்றாலே முதலில் தோன்றுவது மயக்கம்தான். வெயிலில் நின்றாலும் சரி, மூக்கு முட்டக் குடித்தாலும் சரி, நினைவு தப்பினால் பாஸ் அவுட். (பாஸ் அவே வேறு, அது காலமாவது. மாற்றிச் சொன்னால் விபரீதம்!)

அப்படியானால் நாம் சொல்வது தப்பா? தப்பென்று தள்ள எனக்கு மனசில்லை. பயிற்சி முடித்து வெளியேறும் ராணுவத்தினரை பிரிட்டனில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். நம் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் நடப்பதும் 'பாசிங் அவுட் பரேட்' தான். டேராடூன் ராணுவ அகாடமியில் அணிவகுப்பு முடிகிற நேரம், பயிற்சி முடித்தவர்கள் மெதுநடை போட்டு, செட்வுட் கட்டடத்தின் படிகளில் ஏறி உள்ளே போவார்கள். உள்ளே போவதுதான் அங்கே வெளியேறுவது!

அணிவகுப்பு மைதானத்தில் மயங்கி விழுகிற பாஸ் அவுட்டும் நடக்கும். 2023 ஜூனில் லண்டனில், மன்னர் பிறந்தநாள் அணிவகுப்பு ஒத்திகையின்போது, கம்பளிச் சீருடையும் கரடித்தோல் தொப்பியுமாக வெயிலில் நின்ற சில வீரர்கள் சுருண்டு விழுந்தார்கள். நெடுநேரம் ஆடாமல் அசையாமல் நின்றால் ரத்தம் கால்களிலேயே தங்கி, மூளைக்குப் போவது குறைந்துவிடுகிறது.

இன்னொரு அர்த்தமும் உண்டு. நோட்டீஸையோ வினாத்தாளையோ பாஸ் அவுட் செய்தால், அது விநியோகிப்பது. கூடவே ஒரு பொருளின் பெயர் வந்தால் யாரும் மயங்கவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம்.

அமெரிக்க கம்பெனி நேர்காணல் என்றால் 'கிராஜுவேட்டட்' என்று சொல்லிவிடுங்கள், வம்பில்லை. ஆனால் அங்கே ஒரு டாக்டர் "டிட் யூ பாஸ் அவுட்?" என்று கேட்டால், பதிலை யோசித்துச் சொல்ல வேண்டும். வெறும் தலைசுற்றலா, நினைவே தப்பியதா என்பதைப் பொறுத்து அவர் எழுதிக்கொடுக்கும் பரிசோதனை மாறும். கண் இருட்டிக்கொண்டு வந்து, சுவரைப் பிடித்துச் சமாளித்தீர்கள் என்றால் "ஆல்மோஸ்ட்" என்று சொல்லுங்கள். அதையும் அவர் குறித்துக்கொள்வார்.