உச்சிக்குழி விழுந்தது யார் தோஷம்?

(கோவில்பட்டியை அடுத்த ஒரு கரிசல் கிராமத்தில் நடைபெற்ற சுயமரியாதைப் பிரசாரக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசவேண்டுமென்று இவ்வூர் வாலிபர்கள் கேட்டுக்கொண்டார்கள். கடவுள், மதம், ஜாதி என்று பேசுகிறவர்களுக்குத் தொட்டிலண்டை என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். மூடநம்பிக்கை முதன்முதலில் கைவைக்கிற இடமே தொட்டில்தான். எதிர்த்துக் கேட்கத் தெரியாத ஜீவனிடத்தில்தான் அது தன் முழு வீரத்தையும் காட்டுகிறது. பிள்ளை பிறந்தவுடன் தாயின் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சீனித் தண்ணீரை நாக்கில் வைக்கிறோம். தெருவில் கழுதையோடு வருகிறவனுக்குக் காசு கொடுத்து ஒரு சங்கு கழுதைப்பால் புகட்டுகிறோம். அதனால் குரல் நன்றாயிருக்குமாம்! கழுதையின் குரலைக் காதாரக் கேட்டபிறகும் இதை நம்புகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல?

அவை கிடக்கட்டும். உயிரை வாங்குகிற ஒரு விஷயத்தை மாத்திரம் இன்று விரிவாகச் சொல்லுகிறேன். அதுதான் வயிற்றுப்போக்கு.

கைக்குழந்தைக்குப் பல தடவை வயிற்றால் போகிறது. கண் குழி விழுகிறது. அழுதால் கண்ணீர் வருவதில்லை. தலையில் உச்சிக்குழி பள்ளமாகிறது. உடனே வீட்டுப் பெரியவர்கள், "தோஷம் தட்டிவிட்டது, தீட்டுக்காரி எவளோ நிழல் பட்டிருக்கிறது" என்கிறார்கள். பிறகு வேப்பிலை, மந்திரிப்பு, தாயத்து எல்லாம் நடக்கின்றன. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகுமென்று தண்ணீரை நிறுத்துகிறார்கள். சில வீடுகளில் தாய்ப்பாலையும் நிறுத்துகிறார்கள். பருத்திச் செடி வாடினால் அதற்கு மழை வேண்டும் என்று அறிந்த கரிசல்காட்டு விவசாயி, பெற்ற பிள்ளை வாடினால் மாத்திரம் எவள் நிழல் என்று தேடிப் புறப்படுகிறான்!

தோழர்களே! உச்சிக்குழி என்பது மண்டை எலும்புகள் இன்னும் கூடிச்சேராத இடம். உடம்பில் நீர் வற்றினால் அது இறங்கும். நீர் சேர்ந்தால் சரியாகும். இதில் மந்திரமும் இல்லை, தீட்டும் இல்லை. மூடாத குடமும், கழுவாத கையும், ஈ மொய்த்த பண்டமும் செய்த குற்றத்தை, மாதவிலக்கான ஒரு பெண்ணின் தலையில் ஏற்றிவைப்பதுதான் இந்தத் தோஷக் கதை. பிள்ளையும் போகிறது, எவளோ ஒருத்தி பழியும் சுமக்கிறாள்.

1971-ல் வங்காள தேசத்துச் சண்டையில் லட்சக்கணக்கான ஜனங்கள் மேற்கு வங்காளத்துக்கு ஓடிவந்தார்கள். பன்காவ் என்ற ஊரில் அகதிகளிடையே காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலானாபிஸ் என்பவர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே குடிக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்த இடத்தில் சாவு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே வந்துவிட்டது. எந்தப் பூசாரியின் கணக்கிலாவது இப்படி ஒன்று உண்டா?

அந்த உப்புப் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இனாமாகக் கிடைக்கிறது. ஒரு லிட்டர் பொட்டலமானால் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கவேண்டும். அது கிடைக்காதபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போடுங்கள். அளவு தப்பக்கூடாது, உப்பு மிஞ்சினால் கெடுதல். கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. துத்தநாக மாத்திரை கொடுத்தால் போக்கு நின்ற பின்னும் 14 நாள் கொடுக்கவேண்டும். பிள்ளை சோர்ந்து துவண்டாலும், குடிக்க மறுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

"அம்மனை எதிர்த்துப் பேசாதே" என்று ஒரு பெரியவர் கூட்டத்துக்கு முன் என்னிடம் சொன்னார். பெரியம்மையை அம்மன் விளையாட்டு என்றுதான் நம் பாட்டன்மார் கும்பிட்டார்கள். அம்மைப்பால் குத்தக் குத்த 1975-ல் இந்தியாவை விட்டும், 1980-க்குள் உலகத்தை விட்டுமே அது தொலைந்தது. கூழும் பொங்கலும் நின்றுவிடவில்லையே. அம்மன் ஏன் விளையாட்டை விட்டாள்? மணல்வாரிக்கும் இதே கதைதான். 9 மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றேகால் வயதுக்கு மேல் 2 வயதுக்குள் ஒன்று, ஆக இரண்டு ஊசி. போட்டீர்களா?

இனித் தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. தாய் விடிந்தால் தீப்பெட்டி ஆபீஸுக்கோ களையெடுக்கவோ போகிறாள். எண்ணிக்கைக்குக் கூலி, பிள்ளை அழுதால் கூலி குறைகிறது. நீங்களோ "பிள்ளை வளர்ப்பது பொம்பளை சமாச்சாரம்" என்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மொட்டைக்கும் காதுகுத்துக்கும் கடன் வாங்கிக் கிடா வெட்டுகிறவர், அதே பிள்ளையை ஒருநாள் அங்கன்வாடியில் எடைபோடக் கொண்டுபோனதுண்டா? அங்கே கொடுக்கும் சத்துமாவைச் சில வீடுகளில் ஆட்டுக்குட்டி தின்று கொழுக்கிறது! 6 மாதம் முடிந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு கம்பு, உளுந்து, பருப்பு குழையக் காய்ச்சிப் புகட்டவேண்டும். கோவில்பட்டிக் கடலை நல்ல சத்துதான். ஆனால் சின்னப்பிள்ளைக்கு முழுக்கடலை தொண்டையில் அடைக்கும், பொடித்துத்தான் கொடுக்கவேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பசிக்குக் காமராஜர் 1956-ல் பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகிறவரை பிள்ளை உயிரோடும் உரத்தோடும் இருக்கவேண்டுமே, அதற்கு வீட்டில் இருக்கிற இருவரும்தான் பொறுப்பு.

கூட்டம் முடிந்ததும் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கும் விதத்தை இம்மேடையிலேயே செய்து காட்டுவார்கள். தாய்மார்கள் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கலக்கிப் பழக வேண்டியவர்கள் தகப்பன்மார்கள். அவர்கள் முன்னே வரவேண்டும்.