வாசலுக்கு வராதவர்களின் கணக்கு

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் ஆய்வாளர்களே, தொண்டு நிறுவனங்களின் களப்பணியாளர்களே, மாணவர்களே,

குழந்தைகளும் குடும்பங்களும் படும் வறுமையை அறியத் தொண்டு நிறுவனங்கள் ஆய்வை எப்படிப் பயன்படுத்துகின்றன என்பது நாம் இங்கே பேசக் கூடியிருக்கும் பொருள். இதில் நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் பிரிட்டனுக்கு உண்டு. அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தொண்டு நிறுவனம் எதுவானாலும் அதனிடம் ஒரு பதிவேடு இருக்கும். இன்று இத்தனை பேர் வந்தார்கள், இவ்வளவு கொடுத்தோம் என்று அதில் எழுதியிருக்கும். வராதவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இராது. ஆய்வு தேவைப்படுவது அங்கேதான் என்று நான் கருதுகிறேன்.

பிரிட்டனின் யார்க் நகரில் சாக்லேட் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர் சீபோம் ரவுன்ட்ரீ. 1899இல் அந்நகரத் தொழிலாளர் குடும்பங்கள் அனைத்தையும் அவர் கணக்கெடுக்க முற்பட்டார். சில தெருக்களை மட்டும் மாதிரிக்கு எடுத்து நிறுத்திக்கொள்ளவில்லை. 11,560 குடும்பங்கள், 46,754 பேர். 1901இல் நூல் வெளிவந்தது. நகர மக்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் வறுமையில் வாழ்வதாக அது சொன்னது. உடலைப் பேணவே வருமானம் போதாத குடும்பங்களில் வாழ்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் வீட்டுத் தலைவருக்கு நிலையான வேலை இருந்தது. கூலிதான் போதவில்லை. குடியும் சோம்பலுமே ஏழ்மைக்குக் காரணம் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய செய்தி!

கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் கொண்ட குடும்பத்துக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் என்று அவர் வறுமைக்கோடு கிழித்தார். அந்தக் கணக்குக்குள் என்ன இல்லை என்பதையும் அவரே எழுதினார். ரயிலேறக் காசில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் போடத் தபால்தலைக்குக் காசில்லை. குழந்தைகளுக்குப் பொம்மை இல்லை, கோலி இல்லை, மிட்டாய் இல்லை. இத்தனை கறாராகப் போட்ட கோட்டுக்குக் கீழேயும் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள்.

அவருடைய தந்தை ஜோசப் ரவுன்ட்ரீ 1904இல் அறக்கட்டளைகளை நிறுவியபோது ஒரு குறிப்பு எழுதினார். கஞ்சித் தொட்டிக்குப் பணம் எளிதில் சேர்ந்துவிடுகிறது, வறுமையின் காரணத்தை ஆராயக் கேட்டால் கொடுப்பார் இல்லை என்பது அதன் சாரம். நிதி திரட்டும் பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், இன்றும் இதையேதான் சொல்வார்கள்.

1965இல் பிரையன் ஏபெல்-ஸ்மித், பீட்டர் டவுன்சென்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்புகளையே எடுத்து வேறு கண்ணோடு படித்தார்கள். 1960இல் சுமார் 75 லட்சம் பேர் வறுமையிலோ அதன் விளிம்பிலோ இருந்தார்கள், அவர்களில் 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் குழந்தைகள் என்று தெரியவந்தது. அந்தக் குடும்பங்கள் பலவற்றில் தகப்பனுக்கு முழுநேர வேலை இருந்தது. முழுநேர வேலையில் இருப்பவருக்கு அரசின் உதவித்தொகை கிடையாது என்பது அன்றைய விதி. ஆகவே உதவி அலுவலகப் பதிவேட்டில் அவர்கள் பெயரே ஏறவில்லை. 1965இலேயே பிறந்த ‘குழந்தை வறுமை நடவடிக்கைக் குழு’ இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பத்தாண்டு விடாமல் போராடியது. அரசு அதுவரை தந்துவந்த குடும்பப் படி முதல் குழந்தையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை மாற்ற 1975இல் சட்டம் வந்தது. 1977இலிருந்து முதல் குழந்தைக்கும் சேர்த்துத் தொகை வழங்கப்பட்டது, அதுவும் பொதுவாகத் தாயின் கையில். ஓர் ஆய்வுக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியாது.

2008 முதல் ரவுன்ட்ரீ அறக்கட்டளையின் உதவியோடு லஃப்பரோ பல்கலைக்கழகம் வேறொரு வழியில் கணக்கிடுகிறது. பெற்றோர் உள்ளிட்ட சாதாரண மக்களைக் கூட்டி உட்காரவைத்து, கண்ணியமாக வாழ என்னென்ன வேண்டும் என்று பொருள் பொருளாகப் பேசச் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் பிறந்தநாள் பரிசுக்கும் விளையாட்டுப் பொருளுக்கும் இடமுண்டு. யார்க் கணக்கில் விடுபட்ட பொம்மை, பெற்றோர் பேசிய பிறகு இந்தப் பட்டியலுக்குள் வந்தது.

பிரிட்டனில் உணவு வங்கிகளை நடத்தும் டிரசல் டிரஸ்ட் தன் பொட்டலக் கணக்கோடு திருப்தி அடைந்திருக்கலாம். ஆனால் அது நாடு முழுவதும் ஆய்வு நடத்தியது. உணவுக்குத் திண்டாடியவர்களில் பத்தில் ஏழு பேர் எந்தத் தொண்டு நிறுவனத்திடமும் உணவு பெற்றதில்லை என்று 2023இல் வெளியிட்டது. தன் சேவை எட்டாத தூரத்தைத் தானே அளந்து சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

நம் நாட்டிலும் வறுமைக்கோடு நெடுங்காலம் கிராமத்துக்கு 2,400 கலோரி, நகரத்துக்கு 2,100 கலோரி என்ற அடிப்படையில்தான் நின்றது. பிள்ளைகள் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சியதைத் தாய் சாப்பிடும் வீட்டில், சராசரிக் கலோரி யாருடைய வயிற்றைக் காட்டும்? அந்தக் கேள்வியைக் கேட்க அடுப்படிவரை போக வேண்டும். அங்கே போகிற உரிமையும் நம்பிக்கையும் களப்பணியாளர்களுக்கு இருக்கின்றன, ஆய்வாளர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. இரு தரப்பும் ஒரே அரங்கில் அமர்ந்திருப்பது அதனால்தான் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

கட்டுரை வாசிப்போருக்கு என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் ஆய்வில் யாரைச் சந்திக்க முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு முடிவுகளுக்கு வாருங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் அமர்வினர் மேடைக்கு வரலாம்.