காட்டுச் சிற்றாந்தை



ஆந்தை என்றதும் இருளும் அபசகுனமும் நம் நினைவிற்கு வரும். மத்திய இந்தியத் தேக்கங்காடுகளில் வாழும் காட்டுச் சிற்றாந்தையோ பகலில் இரை தேடுவது. நீளம் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர். பல்லியும் எலியும் அதன் உணவு.

காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஹியூம், 1873-இல் இப்பறவையை உலகிற்கு அறிவித்தார். 1884-க்குப் பின் இது கண்ணிற்படவில்லை. 1914-இல் குஜராத்தின் மாண்ட்வியில் பிடித்ததாக மைனர்ட்ஸாகன் என்பார் ஓர் உடலைக் காட்டினார். அது அருங்காட்சியகத்தில் திருடிப் பொய்ச்சீட்டு ஒட்டிய பழம்பறவை! அச்சீட்டு தேடியவர்களைத் திசைதிருப்பியது.

பமீலா ராஸ்முசன் அம்மையார் அந்தப் புரட்டை வெளிப்படுத்தினார். மெய்யான பழங்குறிப்புகளை நம்பித் தோழர்களுடன் தேடினார். 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்து ஷஹாதா அருகே, பட்டப்பகலில் பறவை காட்சி தந்தது. இடைப்பட்ட காலம் 113 ஆண்டுகள்!

பதிவேடு எழுதிப் பிழைக்கும் நம்போன்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு பொய்ப்பதிவு உயிரோடிருந்த பறவையை மறைத்தது. மெய்ப்பதிவு மீட்டுத் தந்தது. இன்றும் அது அழியும் நிலையிலுள்ள இனமே. காடு அழியுமாயின் எந்தக் குறிப்பும் அதனை மீட்டுத் தாராது. இதனை நம் குழந்தைகளுக்கு எடுத்துரைப்போமாக!