இரு ராஜ்யங்கள் ஒன்றான விதம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



அண்டை ராஜ்யங்கள் இரண்டு ஒன்றாய்ச் சேருங்கால், சிறியது பெரியதில் கரைந்துபோகுமோ என்னும் அச்சம் எழுவது இயல்பே. இவ்வச்சத்திற்கு ஸ்காட்லாந்து தேசத்தார் தேடிய பரிகாரத்தைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

1603-ம் வருஷத்தில் எலிசபெத் ராணியார் சந்ததியின்றி இறக்கவே, ஸ்காட்லாந்து அரசரான ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்திற்கும் அரசரானார். அரசர் ஒருவரே யாயினும், பார்லிமெண்டுகள் இரண்டாகவே இருந்தன. இங்கிலாந்தின் குடியேற்ற நாடுகளில் வியாபாரஞ் செய்யும் உரிமை ஸ்காட்லாந்தாருக்கு இல்லை. அவர்கள் 1698-ல் பனாமா பூசந்தியைச் சார்ந்த டேரியனில் தாமே குடியேற முயன்று, இரண்டே வருஷத்தில் அளவிறந்த பொருளையும் உயிரையும் இழந்தனர். 1705-ல் இங்கிலாந்து, உடன்படிக்கைக்கு இணங்காவிடில் ஸ்காட்லாந்தின் கால்நடை, நிலக்கரி, சணல்நூல் துணி ஆகியவற்றைத் தன் நாட்டிற்குள் விடுவதில்லையென அச்சுறுத்திற்று.

இங்ஙனம் வறுமையும் நெருக்கமும் கூடி, 1707-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி இரு ராஜ்யங்களும் ஒன்றாயின. ஜனங்களிற் பலர் இதனை வெறுத்தனர். எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் கலகங்கள் விளைந்தன. பொதுப் பார்லிமெண்டில் ஸ்காட்லாந்தாருக்குக் கிடைத்தவை பிரபுக்கள் சபையில் 16 ஸ்தானங்களும், சாமானியர் சபையில் 45 ஸ்தானங்களுமே. ஆயினும் தங்கள் நியாய சாஸ்திரத்தையும், நியாயஸ்தலங்களையும், திருச்சபையையும் தாங்களே வைத்துக்கொள்ள உறுதி பெற்றனர். எண்ணிக்கையிற் குறைந்தவர் கேட்க வேண்டுவது யாதென அவர்கள் அறிந்திருந்தனர்.

பெரியோர்களே! வாக்குத் தவறியதன் பயனையும் கேளுங்கள். யுத்தம் முடியுமளவும் மது காய்ச்சுதற்குரிய முளைத்த வாற்கோதுமைமேல் ஸ்காட்லாந்தில் வரியில்லை என்பது உடன்படிக்கை. யுத்தம் முற்றும் ஓயுமுன்னரே 1713-ல் அவ்வரியை விதிக்க முற்பட்டனர். உடனே, ஐக்கியத்தையே கலைத்துவிட வேண்டுமென்று பிரபுக்கள் சபையில் பிரேரணை எழுந்து, நான்கே வாக்குகளால் தோற்றது. ஆறு வருஷத்து ஐக்கியம் ஒரு வரியினால் அழியவிருந்தது!

பிற்காலத்தில் கிளாஸ்கோ வணிகர் புகையிலை வியாபாரத்தாற் செழித்தனர். குறை மட்டும் முற்றும் மறையவில்லை. 1999-ல் ஸ்காட்லாந்துக்கு மீண்டும் தனிப் பார்லிமெண்டு அமைந்தது. 2014-ல் பிரிந்து போவதா என்று ஜனங்களையே கேட்டபோது, வாக்களித்தவருள் நூற்றுக்கு 55 பேர் சேர்ந்திருக்கவே இசைந்தனர். 1707-ல் குடிகளைக் கேட்டவர் எவருமிலர். கேட்பதற்கு 307 வருஷங்கள் சென்றன.

ஆதலின், ராஜ்யங்கள் சேருவதற்குக் கையொப்பம் போதும். சேர்ந்து வாழ்வதற்கோ, பெரியவர் கொடுத்த வாக்கைச் சிறியவர் நம்பத்தக்கதாய்க் காத்தல் வேண்டும். இதனைச் சிந்திக்குமாறு தங்களை வேண்டி, என் பிரசங்கத்தை முடித்துக்கொள்ளுகிறேன்.