நோன்பு காக்கும் அடுப்படியில் பயறின் சுவை



வெங்காயமும் பூண்டும் சேராத பயறு சப்பென்றிருக்கும் என்னும் எண்ணம் இன்று சமண இல்லத்துப் பிள்ளைகள் சிலரிடமும் வேரூன்றிவிட்டது. விடுதியிலும் வேலை பார்க்கும் நகரிலும் உண்டு பழகியவர்கள், வீடு திரும்பியதும் கொண்டைக்கடலைக் குழம்பைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகின்றனர். இன்று ஒதுக்கப்படுவது குழம்பு. நாளை அதனோடு நோன்பும் ஒதுக்கப்படலாம். ஆயின் குறை நோன்பில் இல்லை; சமைக்கும் முறையில்தான் உள்ளது.

சுவை, பயறு வாங்கும்போதே தொடங்குகிறது. நெடுநாள் கிடந்த பயறு எவ்வளவு வேகவைத்தாலும் உள்ளே இறுகியே இருக்கும்; அதில் வண்டும் சேரும். வண்டு விழுந்தபின் வெயிலில் காயவைப்பது அவ்வுயிர்களை வாட்டும் செயல். ஆகவே மாதத் தேவைக்கு மட்டும் வாங்கி, ஈரமற்ற கலனில் இறுக மூடிவைத்தல் வேண்டும். சமைக்குமுன் பகல் வெளிச்சத்தில் தாம்பாளத்தில் பரப்பி, துளை விழுந்தவற்றைத் தனியே நீக்குதல் வேண்டும். உயிர்க்கு இரங்கும் இவ்வழக்கமே நல்ல பயறையும் தருகிறது.

அடுத்தது ஊறவைத்தல். வடிகட்டிய நீர் 1 லிட்டருக்கு 2 தேக்கரண்டி உப்புச் சேர்த்து 8 மணி நேரம் ஊறவைத்தால், தோல் மென்மையாகும். உப்பும் உள்ளே இறங்கும். இரவில் ஊறவைக்க விரும்பாதோர் காலையில் பயறை அதே உப்புநீரில் 2 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி 1 மணி நேரம் வைத்தால் போதும். முளைகட்டிய பயறை விலக்கும் இல்லங்களுக்கும் இம்முறை ஏற்றது. கதிரவன் மறையுமுன் உணவு முடிக்கவும் நேரம் மிஞ்சும்.

ஊறிய நீரை வடித்துக் கழுவி, புதுநீரில் மெல்லிய தீயில் வேகவைக்க வேண்டும். புளியை முதலிலேயே சேர்த்தல் பலரும் செய்யும் பிழை. புளிப்பு பயறின் இறுக்கத்தைக் காக்கும். விரலால் அழுத்தினால் மசியும் பதம் வந்தபின்னரே புளிக்கரைசல் சேர்க்க வேண்டும்.

வெந்த நீரைக் கொட்டுதல் ஆகாது. பயறின் மணம் அதில்தான் இறங்கியிருக்கிறது. ஒரு கரண்டி வெந்த பயறைத் தேங்காயோடு அரைத்து அந்நீரிலேயே கரைத்தால் குழம்பு தானே கெட்டிப்படும். மல்லி விதை, மிளகு, சீரகம் ஆகியவற்றை வறுத்துப் பொடித்துச் சேர்க்கலாம். பச்சை இஞ்சியை விலக்குவோர்க்குச் சுக்கு உண்டு. நெய்யில் பொரித்த பெருங்காயம், வெங்காயம் இல்லாத குறையை உணரவிடாது. எல்லாம் சேர்ந்தபின் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, இறக்கி அரை மணி நேரம் மூடிவைத்தல் வேண்டும். அந்தப் பொறுமையில்தான் சாறு பயறுக்குள் ஏறுகிறது.

பயறோடு காய்ச்சாத பால், தயிர், மோர் சேர்க்காத வழக்கத்தையும் பரிமாறுவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

விலக்கு எதற்காக என்று பிள்ளைக்கு விளக்குவது கடமை. அவ்விளக்கம் நெஞ்சில் நிற்க, தட்டில் வைக்கும் உணவும் சுவையாக இருத்தல் வேண்டும். மீண்டும் ஒரு கரண்டி கேட்கும் பிள்ளை, நோன்பைச் சுமையாக எண்ணுவதில்லை. அடுத்த பருவ நாளில் அப்பிள்ளையையே பயறு பொறுக்க அழைத்து அருகில் அமர்த்துங்கள்.

அறம் வளர்க!