நியா குகையின் தரை

இன்று போர்னியோ தீவுக்குப் போகிறோம். மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், மிரி நகரிலிருந்து தெற்கே காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போனால் நியா தேசியப் பூங்கா வரும். ஆற்றைத் தாண்டி அக்கரை ஏறியதுமே காட்டுக்குள் பலகைப் பாதை தொடங்கிவிடும். குகை வரைக்கும் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நடை. வெயில் தரையைத் தொடாத காடு அது. பலகையெல்லாம் பாசி பிடித்திருக்கும், நிதானமாக நடக்க வேண்டும்.

முதலில் வருவது வணிகர் குகை. உழவாரன் குருவிகளின் கூடு வாங்க வந்த வியாபாரிகள் தங்கிய கொட்டகைகளின் மரச்சட்டங்கள் மட்டும் அங்கே நிற்கின்றன. அதையும் கடந்து ஏறினால் பெருங்குகையின் மேற்கு வாய். 60 மீட்டர் உயரம், 250 மீட்டர் அகலம். கூரையிலிருந்து நீளமான கம்பங்கள் தொங்கும். கூடு எடுப்பவர்கள் அவற்றைப் பிடித்துத்தான் உச்சிக்கு ஏறுகிறார்கள். அங்கு வருபவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். நான் உங்களைக் குனிந்து பார்க்கச் சொல்வேன். இந்தக் குகையின் முழுக் கதையும் தரையில் இருக்கிறது.

உள்ளே போகப் போக அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். பகலில் வெளியே பறந்து பூச்சி பிடிப்பவை உழவாரன்கள். இருட்டியதும் வௌவால்களின் முறை. இரண்டும் திரும்பி வந்து இடும் எச்சம் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இந்தத் தரையில் குவிந்துவந்திருக்கிறது. அதை மூட்டை கட்டிச் சுமந்துபோய் வயலுக்கு உரமாகப் போட்டார்கள். நம் உழவர்கள் மணிச்சத்து என்று சொல்லும் பாஸ்பேட் அதில் ஏராளம்.

அந்த எச்சம் மக்கும்போது நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மக்கும் எச்சத்திலிருந்து அமிலம் கசிகிறது. குகையோ சுண்ணாம்புப் பாறை. அமிலம் பாறையைக் கரைக்க, அதிலிருந்து வரும் கால்சியமும் எச்சத்தின் பாஸ்பேட்டும் சேர்ந்து அபடைட் என்ற கனிமம் உருவாகிறது. நம் எலும்பிலும் பல்லிலும் இருப்பது இதே குடும்பத்துக் கனிமம்தான். அமிலக் கசிவு நிற்காமல் தொடர்ந்தால் அந்த அபடைட்டும் கரையத் தொடங்கும். விடுபட்ட பாஸ்பேட், களிமண்ணிலுள்ள அலுமினியம், இரும்பு, பொட்டாசியம் ஆகியவற்றோடு சேர்ந்து வேறு கனிமங்களாகிறது. தாரனகைட் அப்படிப்பட்ட ஒன்று; வெள்ளையாக, தொட்டால் மாவாக உதிரும். ஒரு படிவு அந்த நிலைக்குப் போயிருந்தால் அதில் கிடந்த எலும்பும் கரைந்திருக்கும்.

இதை அழகாக நிரூபித்த இடம் இஸ்ரேலின் கார்மல் மலையிலுள்ள கெபாரா குகை. நியாண்டர்தால் மனிதர்கள் வாழ்ந்த இடம் அது. அகழாய்வில் சில பகுதிகளில் எலும்புகள் குவியலாகக் கிடைத்தன, சில பகுதிகளில் ஒன்றுமே இல்லை. ஸ்டீவ் வைனர், பால் கோல்ட்பெர்க், ஓஃபர் பார்-யோசெஃப் ஆகியோர் அகச்சிவப்பு நிறமாலைக் கருவியைக் குழிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். சிட்டிகை மண்ணை அரைத்துக் கருவியில் வைத்தால் சில நிமிடங்களில் அதிலுள்ள கனிமம் தெரிந்துவிடும். எலும்பு இருந்த இடங்களின் மண்ணில் கால்சைட்டோ அபடைட்டோ இருந்தது. எலும்பில்லாத இடங்களில் அமிலத்தில் மாறிப்போன பாஸ்பேட்டுகள் இருந்தன. 1993இல் வெளியான இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே ஆளே இருக்கவில்லை, அல்லது எலும்பைப் பொறுக்கி வேறிடத்தில் போட்டார்கள் என்று முடிவு கட்டும் முன்பு மண்ணைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லிக்கொடுத்தது.

நியாவுக்குத் திரும்புவோம். மேற்கு வாயின் ஓரத்தில் வேலியிட்ட அகழ்குழிகளைப் பார்க்கலாம். சரவாக் அருங்காட்சியகத்தின் டாம் ஹாரிசனும் பார்பரா ஹாரிசனும் 1958இல் இங்கேதான் ஆழத்திலிருந்து ஒரு மனித மண்டையோட்டை எடுத்தார்கள். அது ஏறத்தாழ 35,000 முதல் 40,000 ஆண்டுகள் பழையது. இளைஞன் ஒருவனுடையது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. நடுவயதுப் பெண்ணாக இருக்கலாம் என்று 2016இல் வந்த மறு ஆய்வு கூறியது. 2000 முதல் கிரேம் பார்க்கர் தலைமையில் வந்த குழு அந்தப் பழைய குழிகளையே மறுபடி ஆராய்ந்தது. அப்போது தெரிந்த ஒரு செய்தி என்னை உலுக்கியது. ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன், ஈரமேறிய எச்சம் சேறாகிக் குகையின் உள்ளிருந்து வாய்ப்பக்கம் சரிந்து வந்திருக்கிறது. ஆட்கள் சமைத்துச் சாப்பிட்ட இடத்தை நோக்கி ஒரு சேற்றுச் சரிவு! அந்த மனிதர்கள் நச்சுக் கிழங்கையும் நச்சுக் கொட்டையையும் பக்குவப்படுத்தி உண்ணத் தெரிந்தவர்கள் என்பதற்கும் இதே மண்ணில்தான் தடயம் கிடைத்தது.

இந்தக் குகை கனிம உலகுக்குத் தன் பெயரையும் கொடுத்திருக்கிறது. 1983இல் விவரிக்கப்பட்ட நியாஹைட் என்ற கனிமம், அம்மோனியமும் மாங்கனீசும் சேர்ந்த ஒரு பாஸ்பேட். வெளிறிய ஆரஞ்சு நிறம். படிகங்கள் மில்லிமீட்டருக்கும் சிறியவை, வெறும் கண்ணுக்குப் பொடியாகத்தான் தெரியும். எச்சம் இல்லாவிட்டால் அது இல்லை.

2024 ஜூலையில் புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு நியாவைப் பட்டியலில் சேர்த்தது. இனி கூட்டம் கூடும். போகிற நேயர்கள் நல்ல டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே நடுப்பகலிலும் கும்மிருட்டு. பெருங்குகையைக் கடந்து இன்னும் நடந்தால் ஓவியக் குகை. சிவப்பு நிறத்தில் படகுகள் தீட்டிய சுவரைக் காணலாம். எங்கே நின்றாலும் பலகையை விட்டு இறங்காதீர்கள். வழுக்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அகழ்ந்தது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் இன்னும் அந்தத் தரைக்குள் படிந்த வரிசை கலையாமல் இருக்கிறது.